லீட் அண்ணனின் காம்பூஸ்

கிட்டாரிலிருந்து புறப்பட்ட கறுப்புக் கம்பி மேடையில் எங்கும் போய்ச் சேரவில்லை என்பதை நான் கவனித்தது மலாக்கா மாநிலத்தின் ஜாசினில் ஒரு கல்யாண விருந்தின் நடுவில். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையின்போது பாடுகிறவளுக்கு வேலை இல்லை. ஒலிவாங்கியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி நின்றபோது என் பார்வை தற்செயலாக அந்தக் கம்பியின் வழியே போனது. அது கிட்டாரின் விளிம்பிலிருந்து இறங்கி, தரையில் ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் மேலேறி, வாசித்துக்கொண்டிருந்தவரின் காற்சட்டைப் பின்பையில் முடிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியில் செருக வேண்டிய உலோக முனை பைக்கு வெளியே சற்றே எட்டிப் பார்த்தது. மண்டபம் முழுவதும் கிட்டார் ஒலித்துக்கொண்டிருந்தது. அவருடைய விரல்கள் அந்த ஒலிக்கு ஓர் இழைகூடப் பிசகாமல் நகர்ந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்மூடித் தலையசைத்தார். அடுத்த சரணத்தை எடுக்க எனக்கு அரை நொடி தாமதமாயிற்று.

அவரை நாங்கள் லீட் அண்ணன் என்றுதான் அழைத்தோம். குழுவில் லீட் கிட்டார் வாசித்ததால் வந்த பெயர் அது. நாளடைவில் அவருடைய அண்டை வீட்டார்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். வார நாள்களில் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை, வாரக் கடைசியில் மேடை. நானும் அப்படித்தான்: வார நாள்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைகளில் இசைக்குழுவின் பெண்குரல். குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசித்த மாஸ்டர். லீட் அண்ணனின் தங்கையை மணந்தவர். ஆகவே எங்கள் குழு ஒரு தொழிலாகவும் ஒரு குடும்பமாகவும் ஒரே சமயத்தில் இருந்தது. தொழிலாக மட்டும் இருந்திருந்தால் அதிலிருந்து வெளியேறுவதற்கு ஒரு கடிதம் போதுமாயிருந்திருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் ஏழு பேர் வாசித்தோம். பிறகு மைனஸ் ஒன் வந்தது. பாடகரின் குரலை மட்டும் நீக்கிவிட்டு மற்ற வாத்தியங்கள் அனைத்தையும் அப்படியே வைத்திருக்கும் ஒலிப்பதிவைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். மாஸ்டரின் மடிக்கணினியில் ஆயிரக்கணக்கில் இருந்தன. கல்யாண வீட்டாருக்குப் பாட்டு படத்தில் கேட்டபடியே கேட்க வேண்டும். அதே சமயம் மேடை நிறைய ஆட்களும் தெரிய வேண்டும். இரண்டையும் நிறைவேற்ற மாஸ்டர் கண்ட வழி, பதிவை ஓடவிட்டு, எங்களை அதன்மேல் நிறுத்துவது. டிரம்ஸ் அடிப்பவர் துணி சுற்றிய குச்சிகளால் அடித்தார். என் குரல் மட்டும் மெய்யாக ஒலித்தது.

அன்று திரும்பும் வழியில், வேனில், பின்னிருக்கையில் நாங்கள் இருவரும்தான்.

"அண்ணே, அந்த வயரு..."

"பாத்துட்டீங்களா டீச்சர்?" என்று சிரித்தார். "மாப்ள மிக்சர்ல என் சத்தத்த சைபருக்கு எறக்கி வெச்சிருக்காரு, அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் என் மூஞ்சியப் பாக்காம எறக்குறதுக்கு அவரு படுற பாடு இருக்கே! பாவம் மனுசன். அதான் நானே கழட்டி வெச்சிக்கிட்டேன்லா."

"அப்பறம் எதுக்குண்ணே வர்றீங்க?"

"பூந்தொட்டி இல்லாம மேட வெறிச்சின்னு இருக்கும்ல? அதுக்குத்தான். என்னா ஒன்னு, பூந்தொட்டிக்குப் பிரியாணி போட மாட்டாங்க. எனக்குப் போடுறாங்க."

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. ஜாசினுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்கி, சொல்லித்தர ஆளில்லாமல், கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டியே கற்றுக்கொண்டவர். நாடா தேய்ந்து அறுந்துபோகும்வரை ஓர் இடையிசையைக் கேட்பார். அதில் வாசித்தவர் எங்கே மூச்சு வாங்கினார், எந்த விரலை எங்கே இழுத்தார் என்பதுவரை பிடித்துவிடுவார். மேடையிலிருந்து இறங்கும்போது "அப்படியே கேசட்டு மாதிரி" என்று யாராவது கையைப் பற்றிக்கொண்டால் அதைவிட உயர்ந்த பாராட்டு அவருக்கு இருக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தப் பாராட்டைத் தேடியே வாசித்தார். கேசட்டைப்போலவே வாசிக்கிற ஒருவருக்கு, கேசட்டே மேடையேறிவிட்ட நாளில் என்ன மிஞ்சும்? மாஸ்டர் அவரை வெளியேற்றவில்லை. அவர் தம் வாழ்நாள் முழுவதும் எதைச் செம்மைப்படுத்தினாரோ அதுவே வந்து அவருடைய இடத்தில் நின்றுகொண்டது. கோபப்படுவதற்குக்கூட அவருக்கு எதிரே ஆளில்லை.

காம்பூஸ் என்ற மலாய் நரம்பு வாத்தியம் அவர் வாழ்வில் நுழைந்தது ஆலையில் உடன் வேலை பார்த்த மலாய் நண்பரின் வீட்டு விசேஷத்தில். கிளேபாங் பக்கத்தில் ஒரு கம்பம், மலாய்க்காரர்களின் கிராமம். பந்தலின் ஓரத்தில் நான்கைந்து முதியவர்கள் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களில் ஒருவர் பேரிக்காயைப் பாதியாக வெட்டியதுபோன்ற உடலும் குட்டையான கழுத்தும் கொண்ட வாத்தியத்தை மடியில் அணைத்திருந்தார். லீட் அண்ணன் சாப்பிட மறந்து அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். விரலை எங்கே வைத்தாலும் அந்தந்தக் கட்டைக்குரிய சுரம் மட்டுமே பேசும். காம்பூஸின் கழுத்தில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் மரம். "சுரம் எங்க இருக்குன்னு அந்த மனுசனுக்கு எப்படித் தெரியுது டீச்சர்?" என்று மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதரின் குரலாக அது இல்லை.

அந்த முதியவரை அவர் பாக் சிக் என்று அழைத்தார். வயதில் மூத்த மலாய்க்காரரை இங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்போம். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கிளேபாங் சாலையோரத்தில் தேங்காய்ப் பானமும் வறுத்த வாழைப்பழமும் விற்றார். கடைக்குப் பின்னால் இருந்த நெகிழி நாற்காலிகள்தாம் வகுப்பறை. வேலையில்லாத நாள்களில் மதியத்துக்குப் பிறகு லீட் அண்ணன் அங்கே போகத் தொடங்கினார். மாஸ்டரிடம் ஓவர்டைம் என்று சொன்னார். என்னிடம் உண்மையைச் சொன்னதற்குக் காரணம், நான் பாடுகிறவள். பாக் சிக்கைத் தவிர்த்தால் அவர் அறிந்தவரை, கட்டைகள் இல்லாத வாத்தியம் வைத்திருந்த ஒரே ஆள் நான்.

ஒரு பள்ளி விடுமுறை நாளில் நானும் போய்ப் பார்த்தேன். அவர் வாசித்ததைக் கேட்டு என் மனம் சங்கடப்பட்டது. எஃகுக் கம்பிகளில் தேய்ந்து காய்ப்பேறிய விரல்நுனிகளுக்கு நைலான் நரம்பு இருப்பதே தெரியவில்லை. மீட்டும் நெகிழிப் பட்டையைப் பாக் சிக் உள்ளங்கைக்குள் மறைத்து மணிக்கட்டால் மீட்டினார். அண்ணனின் கையோ பழைய பழக்கத்தில் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கிள்ளிப் பிடித்தது. ஒவ்வொரு சுரமும் மயிரிழை உயர்ந்தோ தாழ்ந்தோ விழுந்தது. பிறகுதான் நான் கவனித்தேன்: அவர் புதிதாக வாங்கியிருந்த காம்பூஸின் கழுத்தில் குறுக்குவாட்டில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். நான் பள்ளியில் பிழை திருத்தப் பயன்படுத்தும் அதே வெள்ளை மை. கிட்டாரில் கட்டைகள் எங்கெங்கே இருக்குமோ அந்தக் கணக்குப்படி அளந்து வரைந்திருந்தார். வெற்று மரத்தைப் பார்த்து மயங்கிப் போனவர், கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதற்குக் கம்பிக்கதவு போட்டிருந்தார்.

பாக் சிக் அன்றுதான் அதைக் கண்டார் போலும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கழுத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, பெருங்குரலில் சிரித்தார். "இனி காம்பூஸ்லா, புக்கான் பெம்பாரிஸ்!" இது காம்பூஸ், அளவுகோல் இல்லை. கடைக்குள்ளிருந்து அவர் மனைவியும் சிரித்தார். பிறகு பாக் சிக் ஒரு துணியைத் தின்னரில் நனைத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல, கோடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தார். லீட் அண்ணன் தடுக்கவில்லை. ஆனால் அவருடைய இடக்கை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தது. துடைத்து முடித்ததும் பாக் சிக் சொன்னதை அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார்: "மொதல்ல பாடணுமாம். வாயால பாடி முடிச்சப்பறம்தான் கை தேடணுமாம். நான் எங்க பாடுறது? நாப்பது வருசமா பாட்டுக்காரங்க பக்கத்துலயே நின்னுருக்கேன், ஒரு தடவ வாயத் தொறந்ததில்ல." என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறீங்க?"

சற்று நேர்மையாக யோசித்தால், நான் கண்டுபிடித்ததே இல்லை. மூலப் பாடகி எங்கே மூச்செடுத்தாரோ அங்கேயே நானும் எடுத்தேன். அவர் எங்கே லேசாகச் சிரித்தாரோ அங்கேயே சிரித்தேன். என் தொண்டையிலும் வெள்ளைக் கோடுகள் இருந்தன. துடைக்க யாரும் வரவில்லை, நானும் யாரையும் தேடிப் போகவில்லை.

ஓராண்டுக்குமேல் அப்படிப் போயிற்று. அவர் வாசிப்பு நன்றாகிவிட்டது என்று சொன்னால் பொய். தடுமாற்றம் இருந்தது. ஆனால் அந்தத் தடுமாற்றத்துக்குள் ஒரு மெட்டு உருவாகியிருந்தது. எந்தப் படத்திலும் இல்லாதது, எந்தக் கேசட்டிலிருந்தும் எடுக்காதது. மூன்று நிமிடம் வரும். பாக் சிக்குக்கும் அது பிடித்துப்போய், அவரும் அதைக் கற்றுக்கொண்டு கூட வாசித்தார். மாஸ்டரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, அந்த மெட்டைத் தம் தங்கை மகளுக்கு மேடையில் வாசிக்க வேண்டும் என்று லீட் அண்ணன் முடிவு செய்தார். தாய்மாமன் சீர் என்று தட்டுத் தட்டாகக் கொண்டுபோய் வைப்பார்கள் அல்லவா, அந்த வரிசையில் தட்டில் வைக்க முடியாத ஒன்றாக இதுவும் போகட்டும் என்றார். தம் கையிலிருந்து பிறந்த ஓசை ஒரே ஒரு முறை நாலு பேர் காதில் விழ வேண்டும். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஒத்திகை அறையில் அவர், பாக் சிக்கிடம் கற்றதையும் சேர்த்து, விஷயத்தைச் சொன்னபோது மாஸ்டர் கீபோர்டை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"மச்சான், வேற யார் கல்யாணம்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். இது எம் பொண்ணு கல்யாணம். மலாக்காவுல இருக்கிற பேண்டுக்காரன் பூரா வந்து ஒக்காருவான். இத்தன வருசத்துல நீங்க ஒரு பிசிறு விட்டதில்ல. அன்னிக்குப் போயி தடுமாறினீங்கன்னா?"

"தடுமாறினா தடுமாறிட்டுப் போறேன். எம் மருமவதான? சீர்த்தட்டுல ஒரு தேங்கா அழுகியிருந்தா தட்டோடயா தூக்கி எறிவாங்க?"

"அழுகின தேங்கான்னு தெரிஞ்சேவா வைப்பீங்க?"

டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். லீட் அண்ணனும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் மாஸ்டரே வலிய வந்து, "சரி மச்சான், வாசிங்க. மைக்க நான் பாத்துக்கிறேன்" என்றார். அவ்வளவு எளிதாக அவர் எதற்கும் இணங்கி நான் பார்த்ததில்லை. அந்த எளிமை என்னை உறுத்தியது. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு மதிய விருந்து. பாக் சிக்கும் அவர் மனைவியும் பட்டு உடுத்தி மூன்றாவது மேசையில் அமர்ந்திருந்தார்கள். வழக்கமான பாட்டுகள் முடிந்ததும் லீட் அண்ணன் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, காம்பூஸை மடியில் ஏந்தி நாற்காலியில் அமர்ந்தார். ஒலிவாங்கியை அதன் வயிற்றுக்கு நேரே மாஸ்டர்தாம் பொருத்தினார். மாமன் மருமகளுக்குத் தரும் சீர் என்று நான் அறிவித்தேன். மணமேடையில் அந்தப் பெண் இரு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஒருமுறை பாடி, மீட்டினார். ஒலிபெருக்கியில் எழுந்த நாதம் அவ்வளவு உருண்டையாக, அவ்வளவு தீர்மானமாக இருந்தது. முதல் வரி முடியுமுன்னே எனக்கு விளங்கிவிட்டது. மெட்டு அவருடையது, கை அவருடையது அல்ல. கீழ் நரம்பில் வந்து இறங்குமுன் சிறிதாக ஒரு நடுக்கம் கொடுப்பது பாக் சிக்கின் வழக்கம். மாஸ்டர் கிளேபாங்குக்குப் போய், பயிற்சிக்கு வேண்டும் என்று சொல்லி, பாக் சிக்கை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வந்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அப்போது நான் கண்டது மிக்சரின்மேல் இருந்த மாஸ்டரின் விரலையும், மூன்றாவது மேசையில் பாதி வழியில் நின்றுபோன கரண்டியையும்தான்.

லீட் அண்ணனும் தெரிந்துகொண்டார். வலக்கையை நரம்பிலிருந்து எடுத்தார். ஒரு மூச்சு நேரம் அது அந்தரத்தில் நின்றது. இசை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. என் கையில் ஒலிவாங்கி இருந்தது. உயிருள்ள ஒலிவாங்கி. இரண்டடி நகர்ந்து அதைக் காம்பூஸின் முன் நீட்டியிருக்கலாம். நான் நகரவில்லை. மணமேடையில் அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு கையை மீண்டும் நரம்பில் வைத்தார். மிச்சம் முழுவதையும் பதிவுக்கு ஓர் இழைகூடப் பிசகாமல், நாற்பது ஆண்டுத் திறமை அத்தனையையும் திரட்டி, நடித்து முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "அப்படியே சிடி போட்ட மாதிரி இருந்துச்சுலா!" என்று யாரோ உரக்கச் சொன்னார்கள்.

மண்டபத்தின் பின்புறம் சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்த இடத்தில் அவரைக் கண்டேன். கவிழ்த்துப் போட்ட பெட்டியில் காம்பூஸோடு அமர்ந்திருந்தார். எனக்கு முன்பே பாக் சிக் வந்து சேர்ந்திருந்தார். பயிற்சிக்கு என்றுதான் உன் மாப்பிள்ளை கேட்டார், நான் அறியவில்லை என்று இரண்டு முறை சொன்னார். பிறகு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, "மாயின்லா. செகாராங்" என்றார். வாசி. இப்போதே.

அவர் வாசித்தார். அண்டா உரசும் ஓசைக்கும் தண்ணீர்க் குழாயின் இரைச்சலுக்கும் நடுவே அந்த மெட்டு மெலிந்து, நடுங்கி, தேடிக்கொண்டே போயிற்று. மூன்றாவது திருப்பத்தில் விரல் வழுக்கி, சுரம் தவறி, ஒரு கணம் வழியே இல்லாமல் நின்று, பிறகு வேறொரு பக்கமாக ஏறி வீடு வந்து சேர்ந்தது. எப்போது வந்தாரோ, மாஸ்டர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். குடும்பப் படத்துக்கு அழைத்துப்போக வந்தவர். கழுத்து மாலை வாடியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார் மெதுவாக. "அந்த மூணாவது எடத்துல மட்டும் கொஞ்சம்..."

"ஆமா மாப்ள. அங்க தப்பு." லீட் அண்ணன் தலை நிமிரவில்லை. விரலால் அந்த வெற்று மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அது என் தப்பு. எந்தக் கேசட்டுலயும் கெடையாது."

மாஸ்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. தம் மச்சானின் பேரைக் காப்பாற்றியதாகவே அவர் இன்றுவரை நம்புகிறார். அந்த நம்பிக்கையில் கள்ளமில்லை, அதனால்தான் அதை எதிர்த்துப் போராடவும் முடியவில்லை. விருந்துக்கு வந்த யாரோ எடுத்த காணொளி கைப்பேசிகளில் சுற்றியது. அதன்பின் எங்களை அமர்த்த வருகிற ஒவ்வொரு குடும்பமும் "அந்தக் காம்பூஸ் மாமாவும் வருவாருல்ல?" என்று கேட்டுவிட்டே தேதி சொல்கிறது. ஆகவே இப்போது ஞாயிறுதோறும், கிட்டாரைக் கழற்றிவிட்டு அவர் காம்பூஸோடு அமர்கிறார். மடிக்கணினி பாக் சிக்கின் கையை ஒலிக்கிறது. தம் வாழ்வில் சொந்தமாகச் செய்த ஒரே மெட்டுக்கும் அவர் வாயசைக்க வேண்டியதாயிற்று. விட்டுவிடலாமே அண்ணே என்று ஒருமுறை கேட்டேன். "தங்கச்சி வீடு டீச்சர்" என்றார். "நீங்க ஏன் விடல?" நான் வேன் சன்னலுக்கு வெளியே செம்பனை மர வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் ஒன்றை அந்த மண்டபங்களில் நான் மட்டுமே அறிவேன். கிட்டாரின்போது செய்ததுபோல அவர் இதில் நடிப்பதில்லை. பதிவுக்கு அடியில் மெய்யாகவே வாசிக்கிறார். ஒலிபெருக்கி அவ்வளவு உரத்துப் பாடும்போது இரண்டு கை தூரத்துக்கு அப்பால் அது யாருக்கும் எட்டாது. நான் அந்த இரண்டு கை தூரத்தில் நிற்கிறேன். எனக்கு வேலையில்லாத அந்த மூன்று நிமிடங்களில், புன்னகையை முகத்தில் வைத்துக்கொண்டு, பெரிய ஓசைக்குக் கீழே அந்தச் சின்ன ஓசையைத் தேடிப் பிடிக்கப் பழகியிருக்கிறேன். சென்ற ஞாயிறு அவர் அந்த மூன்றாவது திருப்பத்தில் தவறவில்லை. சுத்தமாகக் கடந்தார். அதைத் தாண்டி, இதுவரை ஒருமுறைகூடத் தவறாத ஓரிடத்தில், புதிதாகத் தவறினார்.